நிலத்தின் அடியில் எல்லைகள்: 2004இலும் 2012இலும் நடந்தது என்ன?

2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாம் நாள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் நான் அன்று நின்ற கிராமத்தில் பிற்பகல் வேளை ஒலிபெருக்கி அறிவித்தல் கேட்டது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பெரிய பூமியதிர்ச்சி, கடல் பொங்கக்கூடும், எல்லோரும் உள்ளே மேட்டு நிலத்துக்குப் போகவேண்டும் என்றார்கள். மீளக்குடியமர்ந்து சிறிது காலமே ஆகியிருந்த கமக்காரக் குடும்பங்கள் அவை. சைக்கிள் கரியரில் சிறுபோகத்துக்கு வைத்திருந்த விதைநெல் மூட்டை, ஹாண்டிலில் குடும்ப அட்டையும் காணி உறுதியும் வைத்த பை, முன்னால் ஒரு பிள்ளை என்று சனம் வீதிக்கு ஏறியது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்பது எல்லோருக்கும் பழகியிருந்தது.

மாலையில் எச்சரிக்கை நீக்கப்பட்டது. கடல் வரவில்லை. திரும்பும் வழியில் முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னிடம் சொன்னார்: "சுவாமி, இனி உவங்கள் எவ்வளவு கத்தினாலும் நான் அசையமாட்டன். ஓடினது காணும்."

அவர் எத்தனை தரம், எந்தெந்த ஊர்களுக்கூடாக ஓடியவர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பேசாமல் நின்றேன். உண்மையில் பதிலும் தெரிந்திருக்கவில்லை. குருமடத்தில் மெய்யியல் படித்தோம், இறையியல் படித்தோம்; பாறை எப்படி உடைகின்றது என்று எவரும் படிப்பிக்கவில்லை. 2004 டிசெம்பரில் கடல் இந்தத் தீவிலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2012இலும் அதே திசையில்தான் பேரதிர்ச்சி. ஆனால் நம் கரைக்கு வந்ததோ கண்ணுக்குப் புலப்படாத சிறிய அலை. இந்த வித்தியாசம் ஏன் என்று விளங்காவிட்டால், அடுத்த முறை அந்த முதியவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிடுவார். அவரைப் போலப் பலர் இருப்பார்கள். விடை, பூமியின் தகடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லைகளில் இருக்கின்றது. சற்று நீண்ட பாடம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

தகடு என்பது எது?

பூமியின் நடுவைத் தொடவேண்டுமானால் ஏறக்குறைய 6,370 கிலோமீற்றர் தோண்டவேண்டும். மனிதர் இதுவரை துளைத்த மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா குடாநாட்டில் உள்ளது. அது 12 கிலோமீற்றரைச் சற்றே தாண்டியது. கோதுடைய முட்டையில் ஊசி நுனி பட்ட அளவுகூட இல்லை. எனினும் பூமியதிர்ச்சியின் அதிர்வுகள் உள்ளே எப்படிப் பயணம் செய்கின்றன என்பதை அளந்து, உள்ளமைப்பை அறிஞர்கள் கண்டுகொண்டார்கள். வைத்தியர் முதுகில் தட்டிக் கேட்டு உள்ளே சளி இருக்கிறதா என்று அறிவதைப் போன்ற வேலை அது.

மேலே உள்ள பாறைப் பகுதி குளிர்ந்து விறைத்தது. அதன் தடிப்பு சராசரியாக 100 கிலோமீற்றர் எனலாம். இந்த விறைத்த ஓடு ஒரே துண்டாக இல்லை. ஏழு பெரிய துண்டுகளாகவும் பல சிறிய துண்டுகளாகவும் வெடித்திருக்கின்றது. இத்துண்டுகளையே புவித்தகடுகள் என்கின்றோம். தகடு என்றதும் கொட்டிலுக்குப் போட்ட கூரைத் தகரத்தை நினைக்க வேண்டாம். கண்டத்தையும் அதையடுத்த கடற்றளத்தையும் சேர்த்துச் சுமக்கும் பெரும் பாளம் அது.

தகடுகள் நெருப்புக் குழம்பிலே மிதக்கின்றன என்று சிலர் படிப்பிக்கின்றார்கள். அது சரியல்ல. தகட்டுக்குக் கீழே இருப்பதும் பெரும்பாலும் திண்மப் பாறையே. ஆனால் மிகுந்த சூட்டினால் அது இளகிய தன்மை உடையது. வெயிலில் கிடக்கும் தார்க்கட்டி பார்வைக்குக் கட்டியாக இருந்தும் மெல்லத் தாழ்ந்து பரவுவது போல, இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நகரக்கூடியது. அதன் மேலே தகடுகள் வழுகுகின்றன. பழைய, குளிர்ந்த, பாரம் கூடிய தகட்டு விளிம்பு ஓரிடத்தில் கீழே இறங்கத் தொடங்கினால், தன் பின்னால் முழுத் தகட்டையும் இழுக்கும். கட்டிலிலிருந்து நழுவும் போர்வையை அதன் தொங்கும் பாரமே இழுப்பதைக் கண்டிருப்பீர்கள்.

கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இலேயே சொன்னவர் அல்பிரட் வெக்னர் என்ற ஜேர்மன் வானிலை அறிஞர். நிலநூலார் பலர் அவரை ஏளனம் செய்தார்கள். 1930இல் கிறீன்லாந்தின் பனிவெளியில் அவர் இறந்தபோதும் அவருடைய கருத்து ஏற்கப்பட்டிருக்கவில்லை. 1950களில் மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி, கப்பல்கள் அளந்துவந்த கடலாழக் கணக்குகளைக் கொண்டு அத்திலாந்திக் கடலடியை வரைந்தார். நடுக்கடலில் வடக்குத் தெற்காக ஒரு மலைத்தொடர், அதன் முதுகிலே நீளமான ஒரு பிளவு. கூட வேலை செய்தவரே முதலில் அதை நம்ப மறுத்தார். ஆனால் பிளவு இருந்தது. 1960களின் முடிவுக்குள் உலகம் முழுவதும் தகடுகளின் அசைவை ஏற்றுக்கொண்டது.

நாம் இருப்பது இந்தியத் தகட்டின் மேல். இந்தியா, இலங்கை, மாலைதீவு, இடையில் உள்ள கடல் எல்லாம் இதில் அடங்கும். ஒரு காலத்தில் இது மடகஸ்கார், அந்தாட்டிக்கா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றோடு ஒட்டியிருந்தது. நம் தீவின் பாறைகளுக்கு நெருங்கிய உறவுப் பாறைகள் இன்று அந்தாட்டிக்காவின் பனிக்கு அடியிலும் மடகஸ்காரிலும் கிடக்கின்றன. நீலக்கல் இங்கும் அங்கும் அகப்படுவது அதனால்தான். பின்னர் இத்தகடு பிரிந்து வடக்கே பயணப்பட்டு, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இப்பொழுதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர், அதாவது சுண்டுவிரல் நீளம், வடகிழக்கே போய்க்கொண்டிருக்கின்றது. நான் பிறந்த நாள் தொடக்கம் இன்றுவரை கணக்குப் பார்த்தால், வீடு, வயல், குளம், கோயில் எல்லாவற்றோடும் நாங்கள் இரண்டு மீற்றருக்கு மேல் இடம்பெயர்ந்துவிட்டோம். ஒரு நிவாரண அட்டையும் தராமல்.

எல்லை என்றால் என்ன என்று கமக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. வேலிச் சண்டை நீதிமன்றம் போகாத கிராமம் நம்மிடையே உண்டா? அயலவன் மூன்று விதமாக நடக்கலாம். விலகிப் போகலாம், உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரலாம், வேலி நீளத்துக்கு உரசிக்கொண்டு போகலாம். தகடுகளின் எல்லைகளும் இந்த மூன்று வகைதான். மூன்றும் நம் இந்தியத் தகட்டைச் சுற்றியே இருக்கின்றன.

விலகும் எல்லை

அரபிக் கடலின் நடுவே, மாலைதீவுக்கும் மேற்கே, கடலடியில் ஒரு மலைத்தொடர் உண்டு. அதற்குப் பெயர் கார்ல்ஸ்பேர்க் தொடர். ஆம், நீங்கள் நினைப்பது சரி, அந்த மதுபானத்தின் பெயர்தான். அந்தக் கம்பனியை நிறுவியவர் ஏற்படுத்திய அறக்கட்டளையின் பணத்தில் சென்ற டென்மார்க் கப்பல் ஒன்று அதைக் கண்டறிந்தமையால் அப்பெயர் வந்தது. அங்கே இந்தியத் தகடும் ஆபிரிக்கப் பக்கத்துத் தகடும் ஒன்றைவிட்டு ஒன்று ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் விலகுகின்றன. இடைவெளியில் கீழிருந்து உருகிய பாறை ஏறி உறைந்து புதிய கடற்றளம் ஆகின்றது. இவ்வகை எல்லையில் அதிர்ச்சிகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறியவை. நமக்கு அங்கிருந்து பயமில்லை.

விலகும் எல்லை கடலுக்கு மேலே தெரியும் இடங்களில் ஒன்று ஐஸ்லாந்து. அங்குள்ள கிறிண்டவிக் என்ற மீன்பிடி ஊரில் ஏறக்குறைய 3,800 பேர் வாழ்ந்தார்கள். 2023 நவம்பர் 10ஆம் திகதி இரவு, ஊருக்கு அடியில் பாறைக் குழம்பு ஏறுகின்றது என்று அறிந்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். வீதி வெடித்து ஆவி வந்தது. சில நாட்களின் பின் வீட்டுக்குப் போய் வேண்டிய பொருளை எடுத்துவர ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில நிமிடங்கள் மட்டும் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் எரிமலைக் குழம்பு ஊரின் விளிம்புக்கே வந்து வீடுகள் சிலவற்றை எரித்தது. பின்னர், மக்கள் வேறிடத்தில் வாழ்வை அமைக்கும்படி அவர்களது வீடுகளை விலைக்கு வாங்க அரசு சட்டம் இயற்றியது. பணக்கார நாடுதான். ஆனால் திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பிவிட்டு, இனி எப்போது என்று தெரியாமல் நிற்பவரின் முகம் எந்த நாட்டிலும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கின்றேன்.

மோதும் எல்லை

இரண்டு தகடுகள் எதிரெதிரே வரும்போது என்ன நடக்கும் என்பது, மோதும் விளிம்புகளைப் பொறுத்தது. இரண்டு விளிம்பிலும் கண்டப் பாறை இருந்தால், இரண்டும் பாரம் குறைந்தவை. எதுவும் இலகுவில் கீழே இறங்காது. பாயை இரண்டு பக்கமும் தள்ளினால் நடுவே மடிப்பு எழும்புவது போல மலை எழும்பும். இமயமலை அப்படி எழுந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறையில் பழைய கடல் உயிரினங்களின் எச்சங்கள் இருக்கின்றன. மோதலுக்கு முன் அது கடலடி. அங்கே தள்ளுமுள்ளு இன்னும் ஓயவில்லை. 2015 ஏப்ரல் 25ஆம் திகதி நேபாளத்தில் 7.8 அளவில் நிலம் ஆடியபோது ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். ஆனால் அது கடலிலிருந்து தொலைவில் உள்ள எல்லை, சுனாமி எழுப்பாது.

ஒரு விளிம்பில் பாரம் கூடிய கடற்றளம் இருந்தாலோ, அது மற்றதற்குக் கீழே நுழைந்து இறங்கும். நமக்குக் கிழக்கே, அந்தமான் தீவுகளுக்கும் சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் வெளிப்புறமாக வில்போல வளைந்த கடற்பள்ளம் ஒன்று இருக்கின்றது. அதுதான் நம் தகடு இறங்கும் வாசல். இறங்கும் தகட்டோடு நீரும் உள்ளே போகின்றது. அந்த நீர் மேலுள்ள சூடான பாறையில் கலந்ததும் பாறை குறைந்த சூட்டிலேயே உருகுகின்றது; உருகியது எரிமலையாக மேலே வருகின்றது. சுமாத்திராவிலும் ஜாவாவிலும் வரிசையாக எரிமலைகள் நிற்பதன் காரணம் இதுவே.

இதிலே கமக்காரர் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. எரிமலைச் சாம்பல் நாட்பட உக்கினால் பொட்டாசியம், கல்சியம், மகனீசியம் போன்ற சத்துக்களை நிலத்துக்குக் கொடுக்கும். ஜாவாவின் மலைச்சரிவுகளில் படிப்படியாக வயல் வெட்டி, நீர் உள்ள இடங்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் நெல் எடுப்பதற்கு அந்த மண்ணும் ஒரு காரணம். 2010இல் மெராப்பி எரிமலை வெடித்து 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்; இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். பலர் திரும்பிச் சென்று அதே சரிவில் மீண்டும் பயிரிட்டார்கள். அவர்களை மூடர் என்று சொல்ல என்னால் முடியாது, நீங்களும் சொல்லமாட்டீர்கள். நம் வன்னி நிலத்தின் அடிப்பாறையோ 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. காலங்காலமாக மழை கழுவிய மண். புதுச் சாம்பல் வந்து விழாத மண்ணுக்குச் சாணமும் குழையும் நாம்தான் போடவேண்டும்.

2004இல் நடந்தது

அந்த வாசலில் தகடு வழுக்கிக்கொண்டு இறங்கினால் தொல்லை இல்லை. ஆனால் கீழ்த் தகடும் மேல் தகடும் உராய்வினால் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. கீழே உள்ளது இறங்க இறங்க, மேலே உள்ளதன் விளிம்பும் அதனோடு கீழே இழுபட்டு வளைகின்றது. பனஞ் சிலாகை ஒன்றின் ஒரு நுனியை மேசையில் அழுத்திப் பிடித்து மறு நுனியை வளைத்துப் பாருங்கள். வளைய வளைய விசை கூடும். கை வழுக்கினால் என்ன ஆகும்?

ஆண்டுக்கு 5 சென்ரிமீற்றர் வீதம் முந்நூறு ஆண்டுகள் சேர்ந்தால் 15 மீற்றர். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி, அப்போதைய இலங்கை நேரப்படி காலை 7 மணிக்கு ஓரிரு நிமிடங்கள் இருக்க, சுமாத்திராவின் வடமேற்கே பிடி விட்டது. உடைவு வடக்கே ஓடி அந்தமான் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் திறந்தது. அதற்கு எடுத்த நேரம் பத்து நிமிடத்துக்கு உள்ளேதான். சில இடங்களில் தகடுகள் 15 மீற்றருக்கு மேல் வழுகின. வளைந்திருந்த விளிம்பு மேலே துள்ளியது. அகன்ற கடற்றளம் சில மீற்றர் உயர்ந்தது. அதன்மேல் நின்ற கடல் முழுவதும் அதனோடு தூக்கப்பட்டது. நீர் நிறைந்த வாளியின் அடியை உள்ளிருந்து கையால் உந்தினால் மேலே நீர் திரண்டு நாலாபக்கமும் சரியும் அல்லவா? அவ்வாறு சரிந்த நீர்தான் ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீற்றர் அளவு வேகத்தில் நம்மை நோக்கி வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் கிழக்குக் கரையைத் தொட்டது. பதினான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். எச்சரிக்க இந்து சமுத்திரத்தில் அன்று எந்த ஒழுங்கும் இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கடல் முதலில் வற்றும், பிறகுதான் வரும் என்று பலர் நம்பியிருக்கின்றார்கள். தாய்லாந்துப் பக்கம் அப்படித்தான் நடந்தது. ஏனெனில் துள்ளிய விளிம்புக்குப் பின்னால் உள்ள பகுதி தாழ்ந்தது. நமக்கு நேரே இருந்தது உயர்ந்த பக்கம். ஆகவே நம் கிழக்குக் கரைக்கு முதலில் நீர் உயர்ந்தே வந்தது. வற்றியது அதன் பிறகு. வற்றியதைப் பார்க்கப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. அங்கிருந்து வரும் சுனாமிக்கு, கடல் வற்றட்டும் பார்ப்போம் என்று நம் கரையில் காத்திருப்பது சாவுக்குக் காத்திருப்பதாகும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை; நத்தாருக்கு அடுத்த நாள்; திருக்குடும்பத் திருவிழா. அன்றைய நற்செய்தி வாசகம், யோசேப்பும் மரியாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய பகுதி. அதை வாசித்து முடித்த சில மணி நேரத்துக்குள் எத்தனையோ குடும்பங்கள் ஓடின. அதன் பின் மாதக்கணக்காக நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்கள் பாவத்துக்கா இது? அப்போது நான் குருமட மாணவன். முகாம்களில் சாமான் பகிர்ந்துகொண்டிருந்த எங்களிடம் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் கேட்டார்கள். ஆம் என்று சொன்ன போதகர்களும் இருந்தார்கள். புதிய விடயமல்ல. 1755 நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர் திருநாள் காலையில், போர்த்துக்கலின் லிஸ்பன் நகரம் பூமியதிர்ச்சியாலும் கடல் அலையாலும் தீயாலும் அழிந்தபோது, கோயில்களில் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் மேலேயே கூரைகள் விழுந்தன. அங்கும் தண்டனை என்று பிரசங்கித்த குருக்கள் இருந்தார்கள். ஆபிரிக்கத் தகடும் யூரேசியத் தகடும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் எழுந்த அதிர்ச்சி அது.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை இயேசு எடுத்துப் பேசும் இடம் லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் உண்டு. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் அங்கே மறுக்கின்றார். அதற்கு மேல் ஒரு குரு பேசத் துணியக்கூடாது என்பது என் எண்ணம். தாய்லாந்துக் கரையில் மண்ணைத் தோண்டியவர்கள், 2004இல் கடல் போட்ட மணற்படைக்குக் கீழே 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் போட்ட அதே போன்ற மணற்படையைக் கண்டார்கள். நம் அம்பாந்தோட்டையில் கரகன் களப்பின் அடியிலும் பழைய கடல்வரவுகளின் படைகள் பல அகப்பட்டன. நாங்கள் பிறக்குமுன், எங்கள் பாவங்களும் பிறக்குமுன், கடல் வந்து போயிருக்கின்றது.

உரசும் எல்லை

மூன்றாவது வகையில் தகடு பிறப்பதுமில்லை, இறங்குவதுமில்லை. பக்கம் பக்கமாக உரசிப் போகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சான் அன்ட்ரியாஸ் பிளவு இதற்குப் பேர்போனது. 1906 ஏப்ரல் 18ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த அதிர்ச்சியில், அப்பிளவின் குறுக்கே நேராகப் போட்டிருந்த பண்ணை வேலி ஒன்று அறுந்து, ஒரு பாதி மற்றப் பாதியிலிருந்து இரண்டரை மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் விலகி நின்றது. அந்தப் படத்தைப் பாடப் புத்தகங்களில் இன்றும் போடுகின்றார்கள். நம் ஊரில் என்றால் எவன் வேலியைத் தள்ளிப் போட்டான் என்று சண்டை தொடங்கியிருக்கும்.

நமக்குக் கிட்டிய உதாரணம் மியன்மாரின் சகாயிங் பிளவு. வடக்குத் தெற்காக ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. 2025 மார்ச் 28ஆம் திகதி அது 7.7 அளவில் அசைந்தது. மண்டலே நகரமும் அயலும் சிதைந்தன. 3,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு கண்காணிப்புக் கமராவில், ஒரு பக்க நிலம் மறுபக்கத்தை உரசிக்கொண்டு ஓரிரு விநாடிகளில் இரண்டரை மீற்றர் அளவு நழுவியது அப்படியே பதிவாகியது. மேலே எழவில்லை; பக்கமாக நழுவியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2012இல் நடந்தது

இனி அந்த முதியவருக்கு வருவோம். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி அதிர்ச்சியின் அளவு 8.6. இரண்டு மணி நேரத்தின் பின் 8.2 அளவில் இன்னொன்று. 2004இன் 9.1ஐ விடக் குறைவு. ஆனாலும் உலகில் அரிதாகவே நிகழும் பேரதிர்ச்சிகள். அது நடந்தது, தகடு இறங்கும் பள்ளத்தில் அல்ல. பள்ளத்துக்கு மேற்கே, இந்தியத் தகடும் அவுஸ்திரேலியத் தகடும் ஒட்டியிருக்கும் கடற்றளத்தில். அந்த இரண்டும் ஒன்றைவிட்டொன்று பிரிய முயல்கின்றன, இன்னும் தெளிவான எல்லை விழவில்லை, ஆங்காங்கே வெடிப்புகள். அவற்றிலே பல அன்று உரசும் வகையில் நழுவின. உரசும் வகையில் இவ்வளவு பெரிய அதிர்ச்சி அதற்கு முன் கருவிகளில் பதிவானதில்லை.

நீர் நிறைந்த தட்டத்தை மேசையில் பக்கமாகச் சற்று இழுத்தால் நீர் ஆடும், திரண்டு எழாது. கடற்றளம் பக்கமாக நழுவியமையால் கடல் தூக்கப்படவில்லை. அவ்வளவுதான் காரணம். எச்சரித்தவர்கள் பொய் சொல்லவில்லை. பேரதிர்ச்சி என்பது கருவியில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அது மேலே துள்ளியதா, பக்கமாக நழுவியதா, கடல் எழுந்ததா என்பதை உறுதிசெய்ய மேலும் நேரம் வேண்டும். கடலில் மிதக்கவிட்ட கருவிகளும் அலைமானிகளும் சொல்லவேண்டும். அதுவரை காத்திருந்தால், துள்ளிய வகையாக இருந்தால், நமக்கு இருக்கும் இரண்டு மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும். ஆகவே முதலில் ஓடச் சொல்கின்றார்கள். வரம்பு உடையும் என்று இரவில் குளக்கட்டுக்கு மண் மூட்டை அடுக்கிவிட்டு, விடிய மழை விட்டால், வீண் வேலை என்று யாராவது சொல்வோமா?

சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்ற தீவு இருக்கின்றது. 1907இல் அங்கே கடல் வந்து பலரைக் கொன்றது. அதன் பின் அத்தீவார், நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு என்ற செய்தியைக் கதையிலும் தாலாட்டிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் ஸ்மோங். 2004இல் உடைவுக்கு மிக அருகே இருந்தும், 70,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. அந்த ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் நிலம் ஆடி, ஓடி, கடல் வராமல் திரும்பி வந்த நாட்களும் அவர்களுக்கு இருந்திருக்கும்.

நமக்கும் அவர்களுக்கும் ஒரு வேறுபாடு. அவர்கள் எல்லைமேல் இருப்பதால் கால் உணரும். நாமோ எல்லையிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் தகட்டின் உட்பகுதியில் இருக்கின்றோம். காலுக்கு ஒன்றும் தெரியாமலே கடல் வரலாம். நமக்கு அறிவித்தல்தான் ஸ்மோங். தகட்டின் உட்பகுதியில் இருப்பது நல்லதும்கூட. கன்னியாவில் வெந்நீர் வருவதால் அடியில் எரிமலை இருக்கின்றது என்று முகாம்களில் கதை உலாவியதுண்டு. அது எரிமலையல்ல, வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போன மழைநீர் அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வருகின்றது. 2020இல் கண்டிப் பக்கம் திகனயில் உணரப்பட்டது போன்ற சிறு அதிர்வுகள் நம் தீவில் வருவதுண்டு. ஆனால் நேபாளத்தைப் போலவோ ஜப்பானைப் போலவோ எல்லைமேல் குடியிருக்கும் நிலை நமக்கு இல்லை.

குழுவாகப் படிப்பதற்கு

கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ, மாதர் சங்கத்திலோ, அன்பியக் கூட்டத்திலோ இதை வாசித்தபின் ஒரு தட்டத்தில் நீர் விட்டு, அடியில் சிறு பலகை ஒன்றை வைத்துப் பாருங்கள். பலகையை ஒருமுறை மேலே உந்தியும், ஒருமுறை பக்கமாக இழுத்தும் நீரைக் கவனியுங்கள். பிள்ளைகள் செய்யட்டும். பிறகு இவற்றைப் பேசுங்கள்: இந்தியத் தகட்டைச் சுற்றியுள்ள எல்லைகளில் எது நம் கடலைத் தூக்கக்கூடியது? உங்கள் வீட்டிலிருந்து மேட்டு நிலத்துக்கு நடந்து போக எத்தனை நிமிடம் ஆகும், அந்தப் பாதை மாரியில் வெள்ளத்தில் மூழ்குமா? கண் தெரியாதவர், நடக்க முடியாதவர் யாருடைய வீட்டில் இருக்கின்றார், அவரைத் தூக்குபவர் யார்? காணி உறுதியும் அடையாள அட்டையும் நனையாத பையில் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? முதல் அலையின் பின் ஆட்டைத் தேடித் திரும்பிப் போகமாட்டோம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கின்றீர்களா? கடைசிக் கேள்வியில் வாக்குவாதம் வரும். வரட்டும், அதைத் தீர்த்துவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள்.